வேக மூச்சு ஆக்சிஜனைக் கூட்டுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நலவாழ்வு இணைப்பில் மூச்சுப் பயிற்சி பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கட்டுரையோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அடுத்த வாரமே வாசகர் பகுதியில் ஒருவர், அந்தப் பயிற்சியைச் செய்துவிட்டு நீச்சல் குளத்தில் மூழ்கினால் வழக்கத்தைவிட வெகுநேரம் தண்ணீருக்கடியில் இருக்க முடிகிறது, கட்டுரையாளருக்கு நன்றி என்று எழுதியிருந்தார். படித்ததும் பகீர் என்றது. நீங்களும் அதை ஒரு எச்சரிக்கைகூடப் போடாமல் அப்படியே அச்சேற்றியிருக்கிறீர்கள்.

கட்டுரை சொன்னது சுருக்கமாக இதுதான். நாம் மேலோட்டமாக மூச்சு விடுவதால் ரத்தத்துக்கு ஆக்சிஜன் போதுவதில்லை. வேகவேகமாக, ஆழமாக முப்பது நாற்பது தடவை இழுத்து விட்டால் ரத்தம் முழுக்க ஆக்சிஜன் நிறைந்துவிடும், கரியமில வாயு என்னும் நச்சு மொத்தமாக வெளியேறிவிடும். போகிற போக்கில், சிரைகள் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் அவற்றில் ஓடும் கெட்ட ரத்தம் நீல நிறம் என்பதுதான் என்றும் ஒரு வரி. நான் பள்ளியில் உயிரியல் பாடம் எடுக்கிறவள். இதே கருத்துகளோடு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள், எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறது.

நீல ரத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மனித ரத்தம் எந்த இடத்திலும் நீலம் கிடையாது. பரிசோதனைக்காக முழங்கை மடிப்பில் ஊசி போட்டு எடுப்பது சிரை ரத்தம்தான். கண்ணாடிக் குழாயில் ஏறும்போது பாருங்கள், நல்ல கருஞ்சிவப்பு. தோலுக்கு அடியில் நீலமாகத் தெரிவது ஒளி செய்கிற வேலை: சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது, நீல ஒளி மேலேயே சிதறித் திரும்பி வருகிறது. நிஜமாகவே நீல ரத்தம் வேண்டுமென்றால் ஆக்டோபஸிடம் போக வேண்டும், அதற்கு இரும்புக்குப் பதிலாகச் செம்பை வைத்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனின் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரத்தத்துக்கு ஆக்சிஜன் போதவில்லை என்கிறாரே, ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் நுரையீரலை விட்டுக் கிளம்பும் ரத்தத்தில், சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் இடங்கள் ஏற்கெனவே 97 முதல் 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கின்றன. சாதாரணமாக, யோசிக்காமல் விடுகிற மூச்சிலேயே. மிச்சம் இருப்பது இரண்டு மூன்று சதவீதம். அதில் எவ்வளவு நிரப்பிவிட முடியும்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் நன்றாக விளங்கும். ஆக்சிஜன் நீரில் சுலபமாகக் கரைகிற வாயு இல்லை. இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் தமனி ரத்தத்தில், 100 மி.லி.க்குக் கரைந்த நிலையில் இருப்பது வெறும் 0.3 மி.லி. ஆக்சிஜன். இதயம் ஒரு நிமிடத்தில் அனுப்புவது சுமார் 5 லிட்டர் ரத்தம் என்று வைத்தால், கரைந்த ஆக்சிஜன் நிமிடத்துக்கு 15 மி.லி. உடம்பு சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 250 மி.லி. கேட்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால்தான் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் இருந்தால் 20 மி.லி. ஆக்சிஜன் ஏறிவிடுகிறது. 5 லிட்டருக்கு 1000 மி.லி. தேவையைப் போல நான்கு மடங்கு கையிருப்போடுதான் ரத்தம் ஒவ்வொரு சுற்றும் கிளம்புகிறது.

இப்போது கட்டுரையாளரின் வேக மூச்சை இதில் வைத்துப் பாருங்கள். நுரையீரலின் காற்றறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்பதிலிருந்து 120 வரை போகலாம். ஹீமோகுளோபின் 98 அல்லது 99 சதவீதம் ஆகும். கரைந்த ஆக்சிஜன் 0.06 மி.லி. கூடும். எல்லாம் சேர்ந்து, 100 மி.லி. ரத்தத்தில் 20 மி.லி.யாக இருந்தது 20.3 ஆனாலே பெரிது. நாற்பது தடவை புஸ் புஸ் என்று மூச்சுவிட்டுக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 97 என்று இருந்தது 99 ஆனதை ஆதாரமாகக் காட்டியிருந்தார். அந்தக் கருவியே இரண்டு சதவீதம் முன்னே பின்னே காட்டக்கூடியது.

ஆக்சிஜன் ஏற்றிய குடிநீர் என்று விற்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டிலில் இருப்பது ஒரே ஒரு மூச்சுக் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் அளவுக்குக்கூடத் தேறாது, அதுவும் வயிற்றுக்குத்தான் போகிறது.

கரைந்த ஆக்சிஜனை மட்டும் நம்பி வாழ்கிற முதுகெலும்பு உயிர்களும் உண்டு. அண்டார்டிக் கடலில் வாழும் பனிமீன்களுக்கு ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் நிறமற்றிருக்கும். உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், குளிரில் உடம்பின் தேவையும் குறைவு. இருந்தும் அவற்றின் இதயம் பெரிதாக இருந்து ஏராளமான ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. 37 டிகிரியில் ஓடித் திரிகிற நமக்கு அந்த வழி கட்டுப்படியாகாது.

சிவப்பணுவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் கட்டுரையாளருக்கே பிடித்துப்போகும். குறுக்களவு 7, 8 மைக்ரான். அதைவிட ஒடுங்கிய தந்துகிகளிலும், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களிலும், உடம்பை மடித்து, வளைத்து நுழைந்து போய்விடும். உள்ளே உட்கரு இல்லை, அந்த இடத்திலும் ஹீமோகுளோபின்தான். ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி மூலக்கூறுகள். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. அதாவது சுமந்து போகிற ஆக்சிஜனைத் தனக்கென்று ஒரு துளிகூட எரிப்பதில்லை, ஆக்சிஜன் தேவைப்படாத வழியில் குளுக்கோஸை உடைத்துத் தன் பிழைப்பை ஓட்டிக்கொள்கிறது. இப்படியே சுமார் 120 நாள். நுரையீரல் தந்துகியில் அது இருப்பது முக்கால் நொடி. அதில் முதல் கால் நொடியிலேயே ஆக்சிஜன் ஏறி முடிந்துவிடுகிறது, மீதி நேரம் உபரி. ஓடும்போது ரத்தம் வேகமாகக் கடந்தாலும் நம்மைக் காப்பாற்றுவது அந்த உபரிதான்.

ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இடங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. ஓர் இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்ததும் மூலக்கூறின் வடிவம் லேசாக மாறி அடுத்த இடங்கள் ஆக்சிஜனை இன்னும் ஆர்வமாகப் பிடிக்கின்றன. ஒன்று இறங்கினால் மற்றவையும் சுலபமாக இறங்குகின்றன. இந்த மூலக்கூறின் உருவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு வரைந்து காட்டியதற்காகத்தான் மேக்ஸ் பெரூட்ஸுக்கு 1962-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இதனால் நடப்பது என்னவென்றால், ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு விழுந்தால்கூட ஹீமோகுளோபின் 90 சதவீதம் நிரம்பியே இருக்கும், ஆனால் அதற்குக் கீழே போகப்போக மளமளவென்று விட்டுக்கொடுக்கும். ஓய்வில் திசுக்களைக் கடந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் இன்னும் 75 சதவீதம் நிரம்பியிருக்கிறது. கெட்ட ரத்தம், ஆக்சிஜனே இல்லாத ரத்தம் என்று எழுதினாரே, அதில் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது! நாம் மாடிப்படி ஏறும்போது தசை அந்தக் கையிருப்பிலிருந்துதான் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

தசைக்கு அதிகம் தேவை என்று ஹீமோகுளோபினுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் கட்டுரையாளர் நச்சு என்று விரட்டிய கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, வருகிறது. உழைக்கிற தசையில் அது அதிகம் உண்டாகும், கூடவே அமிலத்தன்மையும் சூடும் ஏறும். இந்த மூன்றும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. எங்கே எரிகிறதோ அங்கே தானாகவே அதிகம் இறங்குகிறது. கார்பன் டை ஆக்சைடின் இந்தப் பங்கை 1904-ல் வெளியிட்டவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அப்பா. கூட வேலை செய்தவர்கள் ஹாசல்பால்கும் ஆகஸ்ட் க்ரோவும். நச்சு என்று சொல்லப்படும் அந்த வாயு இல்லையென்றால் ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜன் திசுவுக்குச் சரியாக இறங்காது என்பது நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த சேதி.

அந்த வாயு எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டது, எனக்கு அதுதான் இந்தப் பாடத்திலேயே சுவையான இடம். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 200 மி.லி. கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அதில் 10 சதவீதத்துக்குள்தான் அப்படியே கரைந்து பயணிக்கிறது. 20 சதவீதம் சொச்சம் ஹீமோகுளோபினின் புரதப் பகுதியில் ஒட்டிக்கொள்கிறது, இரும்பில் இல்லை, ஆகவே ஆக்சிஜனோடு இடத்துக்குச் சண்டை கிடையாது. மீதி 70 சதவீதம் வாயுவாகவே இருப்பதில்லை. சிவப்பணுவுக்குள் நுழைந்ததும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைப் பிடித்து நீரோடு சேர்த்துவிடுகிறது. கார்பானிக் அமிலம் உண்டாகி, பைகார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிகிறது. அந்த நொதி இல்லாமலும் இது நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். ரத்தம் தந்துகியைக் கடக்கும் ஒரு நொடிக்குள் நடக்காது. நொதியின் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் லட்சக்கணக்கான தடவை இந்த வேலையைச் செய்துவிடும். மெல்ட்ரமும் ரஃப்டனும் 1933-ல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம், உண்டான பைகார்பனேட் சிவப்பணுவை விட்டு ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவுக்குப் போகிறது, அதன் எதிர்மின்சுமைக்கு ஈடாக ஒரு குளோரைடு உள்ளே வருகிறது. விடுபட்ட ஹைட்ரஜன் அயனியை யார் ஏற்றுக்கொள்வது? அப்போதுதான் ஆக்சிஜனை இறக்கிவிட்டு நிற்கிற அதே ஹீமோகுளோபின். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் அதிகம் ஏந்தும். நுரையீரலில் எல்லாமே தலைகீழ்: ஆக்சிஜன் ஏற ஏற ஹைட்ரஜன் அயனி வெளியே தள்ளப்படுகிறது, பைகார்பனேட் சிவப்பணுவுக்குள் திரும்பி வந்து அதோடு சேர்கிறது, அதே நொதி இந்தமுறை எதிர்த்திசையில் வேலை செய்து வாயுவை விடுவிக்கிறது, மூச்சில் வெளியே போகிறது. ஒரு வாயு இறங்குவது இன்னொன்று ஏற உதவுகிறது, அது இறங்குவது மற்றது ஏற உதவுகிறது.

கட்டுரையாளர் நம்ப மாட்டார் என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். அவர் நல்ல ரத்தம் என்று சொன்ன தமனி ரத்தத்தில், 100 மி.லி.க்கு ஆக்சிஜன் 20 மி.லி., கார்பன் டை ஆக்சைடோ எல்லா வடிவங்களையும் சேர்த்தால் சுமார் 48 மி.லி. இரண்டு மடங்குக்கும் மேல். சிரை ரத்தத்தில் 52. அதாவது ஒரு சுற்றில் நுரையீரலில் விட்டுவிட்டு வருவது வெறும் 4 மி.லி. மீதியை உடம்பு வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறது. ஏனென்றால் ரத்தத்தின் அமில கார நிலை (pH) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்பதே கார்பன் டை ஆக்சைடுக்கும் பைகார்பனேட்டுக்கும் உள்ள விகிதத்தால்தான். நுரையீரல் நொடிக்கு நொடி ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது, சிறுநீரகம் மணிக்கணக்கில் நாள்கணக்கில் இன்னொரு பக்கத்தை. இதில் மொத்தமாக வெளியேற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அளவுக்கு மேல் தேங்கினாலும் ஆபத்துதான், முற்றிய நுரையீரல் நோயாளிகளுக்கு அது தேங்கி மயக்க நிலை வரும், அதை மறுக்கவில்லை.

வேகமாக மூச்சு விட்டால் நடப்பது இந்தக் கையிருப்பைக் காலி செய்வதுதான். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் தமனியில் 40 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும். விடாமல் இழுத்து இழுத்து விட்டால் சில நிமிடத்திலேயே 20-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மூளையின் ரத்தக் குழாய்கள் இந்த வாயுவின் அளவைப் பார்த்துத்தான் விரிந்து சுருங்குகின்றன. குறைந்ததும் சுருங்கி, மூளைக்கான ரத்த ஓட்டம் பாதி வரை குறைந்துவிடலாம். கூடவே ஹீமோகுளோபினின் பிடியும் இறுகுகிறது. ரத்தத்தில் கட்டுறாமல் உலவும் கால்சியம் குறைவதால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருக் சுருக் என்கிறது, சிலருக்குக் கை மடங்கி விறைத்துக்கொள்ளும். கட்டுரையில் "தலை லேசாகும், உடல் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடும், அது ஆக்சிஜன் பாய்வதன் அறிகுறி" என்று எழுதியிருந்தாரே, அது மூளைக்கு ரத்தம் குறைவதன் அறிகுறி ஐயா. பதற்றத்தில் மூச்சுத் திணறுவதுபோல் உணர்கிறவர்களும் இதே சுழலில்தான் மாட்டுகிறார்கள்: காற்று போதவில்லை என்று இன்னும் வேகமாக மூச்சு விட, இன்னும் தலை சுற்ற, இன்னும் பயம். அவர்களிடம் போய் வேகமாக இழுங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? மெதுவாக மூச்சு விடும் பயிற்சிகளைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, அவை மனசை அமைதிப்படுத்தும், செய்யுங்கள்.

இனி அந்த நீச்சல்காரருக்கு. அவருக்கு வெகுநேரம் மூச்சுப் பிடிக்க முடிவது உண்மைதான், காரணம்தான் வேறு. மூச்சு விட்டே ஆக வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவது இல்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறுவது. ஹால்டேன், ப்ரீஸ்ட்லி என்ற உடலியல் ஆய்வாளர்கள் 1905-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். கழுத்துத் தமனியில் ஆக்சிஜனைக் கவனிக்கிற உணர்விகளும் உண்டு, ஆனால் ஆக்சிஜன் அழுத்தம் 60 அளவுக்கு இறங்கிய பிறகுதான் அவை பலமாகக் குரல் கொடுக்கும். அவர் குளத்தில் இறங்கும் முன் என்ன செய்கிறார்? வேக மூச்சால் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடுகிறார், ஆக்சிஜன் கையிருப்பு ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது. தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் ஒரே வேகத்தில் தீர்ந்துகொண்டு வருகிறது, கார்பன் டை ஆக்சைடோ எச்சரிக்கை தரும் அளவை எட்ட இன்னும் நேரம் இருக்கிறது. தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்தால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நினைவு தப்பியவர் அனிச்சையாக மூச்சை இழுப்பார், உள்ளே போவது தண்ணீர். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள், இடுப்பளவு ஆழமுள்ள குளத்தில், பக்கத்தில் ஆட்கள் இருக்கும்போதே இப்படி இறந்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் தெரியும், கையைக் காலை உதைக்க மாட்டார்கள், சத்தமும் இருக்காது.

இன்னும் ஒன்று, ஆக்ஸிமீட்டரை அவ்வளவு புகழ்ந்திருந்ததால். அது காட்டுவது இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே, ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை இல்லை. ரத்தசோகையில் ஹீமோகுளோபின் 7 கிராமாக இறங்கிய ஒருவருக்கும் 98 என்று பளிச்சென்று காட்டும், அவர் ரத்தம் சுமக்கிற ஆக்சிஜனோ பாதிக்கும் குறைவு. படியேறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்பவர்கள் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கார்பன் மோனாக்சைடு விஷயம் இதைவிட மோசம். அடைத்த அறையில் கரி எரித்தாலோ ஜெனரேட்டர் ஓடினாலோ வருகிற அந்த வாயு, ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும், மிச்சமுள்ள ஆக்சிஜனையும் இறங்கவிடாது. சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு அதற்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 காட்டும். அங்கே எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அப்புறம் மருத்துவமனை.

ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவதானால் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போடாதீர்கள். அதே இணைப்பில், அதே பக்கத்தில், நீரில் மூழ்கும் முன் வேக மூச்சு விடக் கூடாது என்ற ஒரு வரியையாவது பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த நீச்சல்காரரின் முகவரி உங்களிடம் இருக்குமானால் அச்சாகும்வரை காத்திருக்காமல் அவருக்கு இன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியையான ஒரு வாசகி